சொட்டிக்கொண்டிருந்த கீசர்: ஒன்றாகத் தெரிந்த இரண்டு கசிவுகள்

பின்னணி

மதுரை திருநகர் பக்கம் ஒரு மாடி வீடு. பணி ஓய்வு பெற்ற ஒருவர், அவர் மனைவி, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. மாடிக் குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கீசர், தண்ணீரைச் சூடாக்க 2 கிலோவாட் எலிமென்ட். அதிலிருந்தே கீழ்க் குளியலறைக்கும் ஒரு சுடுதண்ணீர்க் குழாய் இறங்குகிறது. கீசர் மாட்டி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு முறைகூட யாரும் அதைத் திறந்து சுத்தம் செய்யவில்லை.

நம் ஊரில் ஐப்பசியில் இருந்து மாசி வரைக்கும்தான் பெரும்பாலான வீடுகளில் கீசர் ஓடும். இந்த வீட்டில் பெரியவருக்கு முழங்கால் வலி என்பதால் சித்திரை வெயிலிலும் ஓடியது. தண்ணீர் போர் தண்ணீர், நல்ல உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், லிட்டருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டிக் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்துக்கு 2,000. மாநகராட்சித் தண்ணீர் வந்தாலும் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே எடுத்து வைப்பார்கள்.

மொட்டைமாடி டேங்கில் இருந்து தண்ணீர் தானாக இறங்கி வந்த காலம் முழுக்க கீசரில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. போன ஐப்பசியில் குளியலறையைப் புதுப்பித்து, மேலிருந்து மழையாகக் கொட்டும் பெரிய ஷவர் போட்டார்கள். டேங்க் தண்ணீரின் அழுத்தம் அதற்குப் போதவில்லை என்று மொட்டைமாடியில் பிரஷர் பம்பு வைத்தார்கள். தண்ணீர் திரும்பி டேங்குக்கே போகாமல் இருக்கப் பம்புக்கு அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டார்கள். பிறகு நடந்தவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் பம்புக்கும் கீசருக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

முதல் சொட்டு

கார்த்திகை கடைசியில் கீசருக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. குழாய் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்து, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேஃப்டி வால்வு போய்விட்டது என்று புது வால்வு மாட்டினார். மறுநாளும் சொட்டியது. அவர் திரும்பி வந்து, வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சிறு மூக்கை எம்-சீல் பசை வைத்து அடைத்துவிடலாம் என்றார். வீட்டு அம்மாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "கம்பெனிக்காரன் ஒரு ஓட்டைய வச்சிருக்கான்னா எதுக்காச்சும் வச்சிருப்பான்ல" என்று சொல்லித் தடுத்துவிட்டார். அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அப்படியே ஓட்டினார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே பெரியது அந்த அம்மா எடுத்த அந்த முடிவுதான் என்று நான் நினைக்கிறேன்.

மார்கழி நடுவில் நிலைமை முற்றியது. சுவிட்சு போடாத நேரத்திலும் வாளியில் தண்ணீர் விழுந்தது, அதுவும் துரு கலந்து. கீழ் அறையின் கூரையில் மின்விளக்கைச் சுற்றி ஈரம் படர்ந்தது. கீசர் சுவிட்சைப் போட்டால், மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போனது. இதற்கு வந்த வயரிங் ஆள், ஆர்.சி.சி.பி. பழசாகிவிட்டது என்று சொல்லி, கீசர் லைனை மட்டும் அதிலிருந்து பிரித்து மின்சாரம் அதிகமானால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி.யில் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போனார். கரண்ட் போவது நின்றது. அதற்கு அடுத்து ஒரு காலையில் பெரியவர் குளிக்கும்போது குழாயைத் தொட்டதும் கை சுர்ரென்றது. அன்றைக்குத்தான் மகன், பம்பு, கீசர் வேலைகள் செய்யும் எனக்குப் போன் செய்தார்.

உடனே செய்தவை

போனிலேயே சொன்னது இதுதான்: கீசர் எம்.சி.பி.யை இறக்குங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்த வேண்டாம், கீழே ஈரம் படர்ந்த அறையின் விளக்கு லைனையும் அணைத்து வையுங்கள். கசிவு எங்கிருந்து என்பதெல்லாம் பிறகு. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் கலந்திருக்கும்போது முதலில் பிரிக்க வேண்டியது மின்சாரத்தை.

நேரில் போனதும் மல்டிமீட்டர் வைத்து லைன் செத்திருப்பதை உறுதி செய்தேன். இந்த வேலைக்கு டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்பக்கூடாது. பிறகு எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்ததில் எர்த் தடை மிக அதிகம். வீட்டு எர்த் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. இங்கே அதைப்போலப் பல மடங்கு. காரணத்தைத் தேடிப் போனால், முற்றத்தில் டைல்ஸ் போட்டபோது எர்த் குழியை மூடி மேலே தளம் போட்டிருந்தார்கள். மண் ஈரமாக இருக்கத் தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. கீசரில் கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக முடியாமல் கீசர் உடம்பிலேயே தேங்கியிருக்கிறது. ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே துண்டித்திருக்கும். கீசர் லைனை அதிலிருந்தும் பிரித்தாயிற்று.

எங்கிருந்து கசிகிறது

கீசர் சொட்டுகிறது என்றால் இடம் மூன்று நான்குதான். குழாய் இணைப்புகள், சேஃப்டி வால்வின் மூக்கு, அடியில் எலிமென்டைத் தாங்கும் தட்டான ஃபிளாஞ்சில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட், கடைசியாகக் கீசருக்குள் இருக்கும் டேங்க். எந்த இடத்துத் தண்ணீரானாலும் உடம்பு வழியே வழிந்து அடி முனையில்தான் சொட்டும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எப்போது சொட்டுகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பதில் வீட்டு அம்மாவிடம் தயாராக இருந்தது. "மொதல்ல, சுவிட்சு போட்டுக் கொஞ்ச நேரத்துல சொட்ட ஆரம்பிக்கும் தம்பி. யாராச்சும் சுடுதண்ணிக் கொழாயத் தொறந்தா நின்னுரும். ஒரு தடவைக்கு அரைச் சொம்பு தேறும். இப்ப அப்படி இல்ல. எந்நேரமும் ஒழுகுது, தண்ணியும் செவப்பா வருது."

இது ஒரே கசிவு வளர்ந்த கதை இல்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. சூடாகும்போது மட்டும் வந்து, குழாயைத் திறந்ததும் நிற்கும் தெளிந்த தண்ணீர் ஒன்று. எந்நேரமும் வரும் துருத் தண்ணீர் இன்னொன்று.

முதல் கசிவுக்குக் கணக்கு இருக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். 27 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீர் 65 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 400 மில்லி கூடும். அம்மா சொன்ன அரைச் சொம்பும் அதுவும் ஒத்துப்போகின்றன. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. கூடுகிற 400 மில்லி எங்காவது போயே ஆக வேண்டும். பம்பு வருவதற்கு முன் அது வந்த குழாய் வழியே பின்வாங்கி மொட்டைமாடி டேங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. நான்-ரிட்டர்ன் வால்வு வந்ததும் அந்த வழி அடைபட்டது. கீசருக்குள் அழுத்தம் ஏறி, சேஃப்டி வால்வு திறக்கும் 8 பார் அழுத்தம் வந்ததும் மிச்சத் தண்ணீர் மூக்கு வழியே வெளியேறியது. பழைய வால்வும் கெடவில்லை, புது வால்வும் கெடவில்லை. இரண்டுமே தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன.

இந்த வீட்டின் பழைய குளியலறையில் கொட்டாங்கச்சி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் ஒன்று உண்டு. அதில் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீர் விரிந்தாலும் கொதித்தாலும் மூக்கு வழியே வழிந்துவிடும். மூடிய கீசரில் அந்த வாய்க்கு ஈடாக இருப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான். சூடு போதுமானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, வெப்பத் துண்டிப்பும் வேலை செய்யாமல், வால்வு மூக்கும் அடைபட்டிருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் உள்ளேயே கிடக்கும். டேங்க் பிளக்கும் நொடியில் அது ஆவியாகும். 1 லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்த அம்மாவிடம் நான் கேட்டேன்: "குக்கர் வெயிட்ட யாராச்சும் கட்டி வைப்பாங்களாம்மா?" அவர் கணவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டாவது கசிவைக் கண்டுபிடிக்கத் துணியும் செய்தித்தாளும் போதும். கீசர் உடம்பையும் இணைப்புகளையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் வால்வு மூக்கிலும் காகிதத் துண்டைச் சுற்றிவிட்டு, மின்சாரம் இல்லாமல் பம்பை மட்டும் ஓட விட்டேன். அழுத்தம் 2.2 பார் வந்து பம்பு நின்றது. குழாய் இணைப்புகளில் காகிதம் காய்ந்தே இருந்தது. வால்வு மூக்கிலும் அப்படியே. அடி மூடியின் விளிம்பில் மட்டும் கொஞ்ச நேரத்தில் பழுப்பு நிறத்தில் ஈரம் கட்டி, முதல் துளி திரண்டு விழுந்தது. ஆக, ஃபிளாஞ்சாக இருக்க வேண்டும், அல்லது டேங்காக இருக்க வேண்டும்.

திறந்து பார்த்தபோது

தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினேன். குழாயைத் திறந்ததால் டேங்க் காலியாகாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுடுதண்ணீர் டேங்கின் உச்சியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடியில் வரும் இணைப்பைக் கழற்றினால்தான் உள்ளே இருப்பது இறங்கும்.

அடி மூடியைக் கழற்றியதும் நுரைப் பொதிவு ஊறிப்போய்க் கையோடு வந்தது. தெர்மோஸ்டாட் முனைகளில் பச்சை பூத்திருந்தது. காப்புத் தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்ததில் எலிமென்டுக்கும் உடம்புக்கும் இடையே காப்புத் தடை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆர்.சி.சி.பி. விழுந்ததில் ஒரு தவறும் இல்லை.

ஃபிளாஞ்சை இறக்கும்போது உப்புக்கட்டிகள் வாளியில் சடசடவென்று விழுந்தன. வெள்ளையும் பழுப்புமாகத் தட்டுத் தட்டாக, முட்டை ஓடு கனத்தில் இருந்து விரல் கனம் வரை. எலிமென்டின் மேல் படிந்திருந்ததை விரல் நகத்தால் பெயர்க்க முடியவில்லை. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் இது வேகம் எடுக்கும். இந்தக் கீசரில் தெர்மோஸ்டாட் கடைசி வரை திருகப்பட்டிருந்தது.

ஆனோடு ராடு இருக்க வேண்டிய இடத்தில் நடுக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மக்னீசியத்தால் ஆன அந்த ராடு, இரும்பு டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்படுவது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் ஆனோடு சீக்கிரமே கரையும். அது தீர்ந்த நாளில் இருந்து, டேங்கின் உள்பக்கக் கண்ணாடிப் பூச்சில் கீறல் விழுந்த இடமெல்லாம் டேங்கின் இரும்பு அரிபடத் தொடங்குகிறது. டார்ச் அடித்துச் சிறு கண்ணாடியில் பார்த்தேன். அடி வெல்டிங் ஓரமாகத் துருக் கொப்புளங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் ஊசித் துளை. கேஸ்கட்டும் கெட்டித்துப் போயிருந்தது, ஆனால் கசிவு அதிலிருந்து வரவில்லை.

இரண்டு கசிவுகளும் சேரும் இடம் இதுதான். டேங்கை அரித்தது பம்பு அல்ல. உப்பும் காலமும் கவனிப்பாரில்லாத ஆனோடும்தான். ஆனால் மொட்டைமாடி டேங்க் சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்க, கீசர் ஏழு வருடம் தாங்கியது வெறும் 0.4 பார். ஐப்பசிக்குப் பிறகு ஒவ்வொரு சுவிட்சுக்கும் 8 பார் வரை ஏறி இறங்கியது. மெலிந்திருந்த இடம் அதைத் தாங்கவில்லை.

எடுத்த முடிவுகள்

கேஸ்கட்டையும் எலிமென்டையும் மாற்றி இந்தக் குளிர்காலத்தை ஓட்ட முடியாதா என்று மகன் கேட்டார். பொங்கலுக்கு விருந்தாளிகள் வர இருந்தார்கள், செலவும் எதிர்பாராதது. முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்கை வெல்டிங் செய்தால் சூட்டில் பூச்சு சிதறும். வெளியே பூசும் எந்தப் பசையும் 8 பாருக்கு நிற்காது. ஒரு துளை தெரிந்தால், தெரியாத துளைகள் பக்கத்திலேயே காத்திருக்கும். டேங்கின் வாரண்டி முடிந்திருந்தது. கீசரைக் கழற்றி, இரண்டு குழாய் முனைகளுக்கும் எண்ட் பிளக் போட்டேன்.

புதுக் கீசர் வரும் வரை பெரியவருக்கு வெந்நீர் வேண்டுமே. கடையில் கிடைக்கும் ராடு ஹீட்டரை வாங்கி வாளியில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த வீட்டு எர்த் இருந்த நிலையில் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய செம்பு பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்து முற்றத்தில் வைத்தார்கள். கொட்டாங்கச்சிக்கு வீட்டில் பஞ்சமில்லை.

புதுக் கீசர் ஐ.எஸ். 2082 தரத்தின் கீழ் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, ஆனோடைத் தனியே கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். அதை மாட்டுவதற்கு முன் டைல்ஸை உடைத்துப் புது எர்த் குழி போட்டு, தண்ணீர் ஊற்ற மூடியும் வைத்தாயிற்று. கீசர் லைன் திரும்ப ஆர்.சி.சி.பி.க்குள் வந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்ததில் உடனே விழுந்தது. ஆக, அதுவும் பழசாகியிருக்கவில்லை.

விரியும் தண்ணீருக்கு என்ன வழி என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நான்-ரிட்டர்ன் வால்வை எடுத்துவிட்டால் பம்பு தண்ணீரை டேங்குக்கே சுற்றி அனுப்பும். கீசருக்கு மட்டும் பம்பு இல்லாத லைன் கொடுத்தால், கலவைக் குழாயில் பச்சைத் தண்ணீர் 2 பாரில் வந்து, வலுவில்லாத சுடுதண்ணீரை உள்ளேயே தள்ளிவிடும். வால்வு சொட்டினால் சொட்டட்டும், ஒரு ஹோஸ் போட்டுச் சாக்கடைக்கு விடலாம் என்பது எளிய வழி, பாதுகாப்பானதும்கூட. ஆனால் இந்த உப்புத் தண்ணீர் தினமும் வால்வு வழியே போனால், கொஞ்ச நாளில் வால்வின் இருக்கையில் உப்புப் படிந்து, மூடாமலோ திறக்காமலோ போகும். திறக்காமல் போவதைத்தான் நினைத்துப் பயந்தேன்.

பெரியவரின் மகள் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. வீடியோ அழைப்பில் மருமகன் சொன்னது அப்போது உதவியது. அங்கே வீட்டையே சூடாக்கும் பாய்லர்கள் மூடிய சுற்றில் ஓடுபவை. விரியும் தண்ணீரை ஏற்கச் சிவப்பு நிறத்தில் ஒரு கலன் இருக்கும், அதன் நடுவே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். காற்று இறங்கிவிட்டால் சூடாகும்போது கேஜ் 3 பாருக்கு ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து சுவருக்கு வெளியே சொட்டும். தங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது, காற்றடித்ததும் நின்றது என்றார். கருவி வேறு, காரணம் ஒன்றுதான்.

அதனால் கீசருக்கு வரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில், நான்-ரிட்டர்ன் வால்வைத் தாண்டி, 2 லிட்டர் விரிவுக் கலன் ஒன்று போட முடிவு செய்தோம். ஆர்.ஓ. மெஷினுக்கு விற்கும் டேங்க் இதற்கு ஆகாது, அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கலனில் காற்றைப் பம்பு நிற்கும் அளவான 2.2 பாருக்கு நிரப்பினேன்.

பிறகு நடந்தது

கலனை இணைப்பதற்கு முன் சுடுதண்ணீர்க் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி ஒரு சோதனை செய்தேன், வீட்டார் எல்லோரும் பார்க்க. எல்லாக் குழாயும் மூடியிருக்க, 2.2 பாரில் நின்ற முள் சுவிட்சு போட்ட சில நிமிடத்திலேயே 5-ஐத் தாண்டியது. 8-ஐ நெருங்கியதும் வால்வு மூக்கில் துளி கட்டியது. கலனை இணைத்து அதே சோதனையைச் செய்தபோது, அரை மணி சூடாகிக் கீசரின் விளக்கு அணைந்த பிறகும் முள் 3 பாரை ஒட்டியே நின்றது. மூக்கு காய்ந்திருந்தது. மூக்கிலிருந்து ஒரு ஹோஸை சரிவாக இறக்கி, முனையைத் திறந்தபடி, தண்ணீர் வந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விட்டேன். தெர்மோஸ்டாட் 55-க்கும் 60-க்கும் நடுவில்.

கீழ் அறைக் கூரை காய மாசி ஆனது. நனைந்த விளக்குப் பெட்டியை மாற்றி, வயரின் காப்புத் தடையைப் பார்த்த பிறகே அந்த லைனைத் திறந்தோம்.

புரட்டாசியில், மழைக்கு முன், ஆனோடைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, கிட்டத்தட்டப் பாதி கரைந்திருந்தது. அதை மாற்றி, அடியில் சேர்ந்திருந்த உப்பைக் கழுவி விட்டாயிற்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பிரஷர் பம்பு வைக்கும் வேலைக்குப் போகும்போது அந்த வீட்டுக் கீசரின் வயதையும் வால்வையும் பார்க்காமல் இனி நான் பம்பை இணைப்பதில்லை. பம்பு விற்பவர், குழாய் ஆள், வயரிங் ஆள் என்று மூன்று பேர் தனித்தனியே வந்து போகும் வீட்டில், மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை. இந்த வீட்டில் நடந்தது அதுதான். ஆனோடு என்ற ஒன்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் வருடத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றிப் பார்ப்பது, ஏழு வருடத்துக்கு ஒரு கீசர் வாங்குவதைவிட மலிவு.

ஆர்.சி.சி.பி. விழுவதை எந்த வயரிங் ஆளும் கருவியின் கோளாறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெகர் வைத்தால் குற்றவாளி தெரிந்துவிடும். பிரித்து நேரடியாகக் கொடுப்பது பெரியவரின் உயிரோடு விளையாடிய வேலை. இதை அந்த ஆளிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். எர்த் குழிக்கு மேல் டைல்ஸ் போடும் வீடுகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். தளம் போடும் மேஸ்திரியிடம் மூடி வைக்கச் சொல்லிவிட்டால் போதும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீரை ஒரு சிறு தனி டேங்குக்கு ஏற்றி, கீசருக்கு மட்டும் அதிலிருந்து கொடுக்கலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். இரண்டு தண்ணீரும் கலவைக் குழாயில் ஒரே அழுத்தத்தில் சந்திக்க அதற்கும் ஒரு பம்பு வேண்டும். கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.